ஆள் மாறிப் போட்ட சண்டை

சண்டை போடத் தெரியாதவர்கள் சண்டைக்குப் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

என் மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரகடம் பக்கம் ஒரு மையத்தில் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்திருந்தோம். அங்கிருந்த தெரபிஸ்ட் அவள் முகத்தருகே பட்பட்டென்று கைதட்டி, தாடையைப் பிடித்துத் திருப்பி, "அம்மா சொல்லு! சொல்லு!" என்று கத்துவார். கண்டிப்பு இருந்தால்தான் பேச்சு வருமாம்.

'அம்மா' வரவில்லை. பயிற்சிக்குக் கிளம்பும்போது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் பழக்கம்தான் வந்தது. நான் காலைப் பிடித்து வெளியே இழுப்பேன். அப்போது அவள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே... (வேண்டாம், அதை எழுத எனக்குத் தெம்பில்லை.)

வேறு தெரபிஸ்ட் கேட்பது என்று முடிவெடுத்தோம். நான் பேசப் போன அன்று, தென்காசிக்காரரான என் கணவருக்குக் காலை ஷிஃப்ட். "அழுதுராத, என்னா? அழுதா ஒருத்தரும் மதிக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினார். நான் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். (பாவம், அத்தனை திட்டையும் அது குளிர்ச்சியாகவே வாங்கிக்கொண்டது.)

மையத்தின் தலைவியை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருடைய அறைக்குள் கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூச்சு விடாமல் ஆரம்பித்தேன்.

"என் பிள்ளைக்குப் பேச்சு வரல மேடம், பயம்தான் வந்திருக்கு. கட்டிலுக்கு அடியில ஒளியுறா. தாடையப் பிடிச்சுத் திருப்ப அவ என்ன தண்ணிக்குழாயா? உங்க பிள்ளைன்னா விடுவீங்களா?" மேசையைக்கூட ஒரு தட்டுத் தட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். (இவ்வளவு நன்றாகவா பேசிவிட்டேன்!)

"என் பொண்ணும் அந்தத் தெரபி அம்மாகிட்டதாம்மா வருது," என்றார். "சேரப்பணஞ்சேரிலேர்ந்து வரோம். மேடம் சாப்புடப் போய்க்கீறாங்கோ. ஃபேன் கீதேன்னு இங்க குந்திகினேன்."

அந்த நேரம் பார்த்து நிஜமான மேடம் உள்ளே வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை. வாயைத் திறந்தேன், விக்கல் வந்தது. பிறகு அழுகை. கணவர் எதைச் செய்யாதே என்றாரோ, அதை மட்டும் குறைவில்லாமல் செய்தேன்.

அந்த அம்மாள் எழுந்தார். "நான் சொல்றேன் மேடம். இவங்க பொண்ணு கட்டிலுக்கடில பூந்துக்குது. என் பொண்ணு வண்டிய வுட்டே எறங்க மாட்டேங்குது. தாடையப் புடிச்சுத் திருப்ப கொழந்தைங்க இன்னா தண்ணிக்கொழாயா?" மேசையைத் தட்டியது உட்பட என் பேச்சு அப்படியே.

மேடம் நெளிந்தார்; ஆளை மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். வேறு ஆள் வர மழைக்காலம் ஆகிவிட்டது. அதுவரை இரண்டு குழந்தைகளையும் நாங்கள் அனுப்பவில்லை. புதிதாக வந்த பெண் முதல் நாள் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து யாழினி அதைத் திருப்பி உருட்டினாள். இப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிவதில்லை. பேச்சு இன்னும் வரவில்லை. வருமா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

வீட்டில் நான் குரலை உயர்த்தினால், "ஏட்டி, எதிர்ல இருக்கது மேடந்தானான்னு மொதல்ல கேட்டுக்க" என்பார் கணவர். நாங்கள் சிரிப்போம். யாழினியும் சிரிப்பாள். எதற்கடி சிரிக்கிறாய் என்று கேட்பேன். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.