மூன்று கொல்லைகளின் கூட்டுப் படை

கெடார்

மதிப்பிற்குரிய மாமா சவுரிராயன் அவர்களுக்கு,

மருமகன் அலெக்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருப்பதாக இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். திண்டிவனத்தில் தாங்களும் அத்தையும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். “செத்துப்போன எம் பொண்ணு கொரல வெச்சா பன்னி வெரட்டுற? நிறுத்துடா” என்று நேற்று தாங்கள் போனில் அழுதபோது நான் போனை வைத்துவிட்டேன். ஆகவே இந்த விளக்கம்.

பக்கத்துக் கொல்லை தாண்டவராயன் அண்ணன் டிவியில் செய்தி பார்த்தார். அண்டை நாடுகள் நாலைந்து கூடி, ஒருவரைத் தொட்டால் எல்லோரையும் தொட்ட மாதிரி என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டனவாம். உடனே என் கொல்லை, அவர் கொல்லை, நடுவில் இருக்கும் வெள்ளையம்மாள் பெரியம்மா கொல்லை மூன்றும் நாடுகளாகிவிட்டன. எதிரி, மல்லாட்டைக் கொல்லையில் புகுந்து வேர்க்கடலையைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றி. கேட்காமல் எல்லை தாண்டக்கூடாது என்பது பெரியம்மா போட்ட ஷரத்து. கூட்டுப் பயிற்சிக்குப் பன்னி கிடைக்கல. அண்ணனோட மச்சான் கோபி பன்னியா குனிஞ்சி பெரியம்மா கொல்லைக்குள்ள பூந்தான். நானும் அண்ணனும் கழியோட ஓடி வரப்புல நின்னோம். “யக்கா, படை உள்ள வர்லாமா?”ன்னு அண்ணன் கேட்டாரு. “சாப்ட்டுக்கினு இருக்கேன், இரு.” பெரியம்மா கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பன்னி பாதி பாத்தியப் புடுங்கித் தின்னுடுச்சி. “நடிக்கச் சொன்னா மேயறான் பாரு”ன்னு தொடப்பத்தாலயே போட்டுது. அந்த மட்டும் பயிற்சி வெற்றி.

அப்புறம், டிப்ளமோ படிச்சவன்னு தளவாடம் என் தலையில விழுந்துச்சி. குறுக்கால எது போனாலும் ஹாரன் கத்துற மாதிரி சென்சார் வெச்சேன். புலி உறுமல் போட்டேன். பன்னிங்க அசையல, அண்ணனோட எருமைதான் கயித்த அறுத்துக்கினு ஓடுச்சி. வேற சத்தம் தேடிக்கினு இருந்தப்ப மெமரி கார்டுல கெடந்த அஸ்வினி வாய்ஸ் மெசேஜ் ஹாரன்ல தானா ஓடிச்சி மாமா. “யோவ், எத்தினி வாட்டி கூப்புடுறது? சோறு ஆறிப்போவுது. வர்றியா, நாய்க்குப் போடவா?” மூணு நாட்டுப் பன்னியும் ஜல்தியா காட்டப் பாக்க ஓடிடுச்சி. நான் கை கழுவப் போனேன்.

இப்ப ஹாரனை நிறுத்தினா மூணு பேரு மல்லாட்டையும் போயிடும், பேஜாரு. இது என் சொந்த விஷயமில்ல மாமா, பிராந்தியப் பாதுகாப்பு. அறுவடை வரைக்குமாவது விட்டுடுங்க.

அத்தைக்கு என் வணக்கம். மாதா நம் இரு வீட்டையும் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் மருமகன்,
அலெக்ஸ்

பி.கு.: மல்லாட்டை புடுங்கி, மூட்டை புடிச்சி, போன வாரமே வித்தாச்சி மாமா. கொல்லை வெறுமனே கெடக்குது. பன்னி இந்தப் பக்கமே வர்றதில்ல. சாயங்காலமானா சென்சாருக்குக் குறுக்கால நடக்கிறது நான்தான். கூட்டாளி நாடு ரெண்டுத்துக்கும் இது தெரியும். வெள்ளையம்மாள் பெரியம்மா மட்டும் ஷரத்த மீறி, கேக்காமலே எல்லை தாண்டி வந்து, “பன்னி சாப்ட்டுச்சா?”ன்னு கேட்டுட்டுப் போவுது.