பர்ச்சேஸ் மேனேஜருக்குப் போர்த்திய துண்டு

நாலு பெரிய மனிதர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் முன்னுக்கு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெரிய மனிதரை எந்த இடத்தில், எந்த நேரத்தில், கையில் என்ன வைத்துக்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் எவனும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

சுனாமி வந்து போன மறு வருஷம். கெமிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு மரக்காணத்தில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்றால் உட்கார்ந்திருந்தேன் என்று அர்த்தமில்லை. ஒரு இடத்தில் கால் நிற்காது. வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அப்பா ராஜமாணிக்கம் என்பவருடைய உப்பளத்தில் மேஸ்திரி. "படிச்சிட்டு நீயும் பாத்தியில வந்து உப்பு வாரப் போறியா?" என்று காலையில் ஒரு தரம், சாப்பிடும்போது ஒரு தரம் கேட்பார்.

அந்த எரிச்சலில் புதுச்சேரியில் ஒரு முன்னேற்ற வகுப்பில் சேர்ந்தேன். மே மாத வெயிலில் டை கட்டிக்கொண்டு ஒருத்தர் பாடம் எடுத்தார். (அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். மே மாசத்தில் டை கட்டுகிறவன் பேச்சை எவனாவது கேட்பானா?) "நெட்வொர்க்தான் எல்லாம். ஒருத்தர் உங்களை மறக்கவே முடியாதபடி செஞ்சிடுங்க, வேலை தானா வரும்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு விசிட்டிங் கார்டு அடித்தேன். வேலை இல்லாதவன் கார்டில் என்ன போடுவது? பெயர், அதற்குக் கீழே படிப்பு, அதற்குக் கீழே எதிர்வீட்டு சைக்கிள் கடை போன் நம்பர், பக்கத்தில், அடுத்தவர் போன் என்பதற்கு அடையாளமாக, பி.பி. என்று போட்டேன். கடைக்காரர் இருந்தால் என்னைக் கூப்பிடுவார். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தால் கூப்பிட மாட்டார்.

இந்த நேரத்தில்தான் புதுச்சேரி பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. லேப் அசிஸ்டெண்ட் வேலை. நம்ம ஊர் உப்பை லாரி லாரியாக வாங்குகிற கம்பெனி. இன்டர்வியூவில் உட்காரப் போகிறவர்களில் ஒருவர் அதன் பர்ச்சேஸ் மேனேஜர் வரதராஜன் என்று அப்பா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். அந்த ஒரு ஆளை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அதற்குள் அப்பாவின் முதலாளி ராஜமாணிக்கம் மாரடைப்பில் போய்விட்டார். இன்டர்வியூவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கருமகாரியம். வரதராஜன் சார் வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குள் அந்த டை கட்டின மனிதர் பேச ஆரம்பித்துவிட்டார். 'பெரிய மனிதரை நாலு பேர் பார்க்கக் கௌரவப்படுத்துங்கள்.' பொன்னாடை போர்த்துவது என்று முடிவு செய்தேன்.

கடைக்கு ஓடினேன். அந்த வாரம் ஏதோ கட்சிக் கூட்டமாம், பொன்னாடை எல்லாம் தீர்ந்துவிட்டது.

"எங்கப்பா போற?" என்றார் கடைக்காரர்.

"ராஜமாணிக்கம் ஐயா காரியத்துக்கு."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். துண்டும் கௌரவம்தானே என்று வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கருமகாரியத்தில் செத்தவருடைய பிள்ளைகள் மொட்டை அடித்துக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். அவர்களுடைய மச்சான் முறை, மாமன் முறை உள்ளவர்கள் வந்து புதுத் துண்டு போர்த்தி, தலையில் உருமா கட்டுவார்கள். துண்டு விழுந்தால் அவன் செத்தவருடைய பிள்ளை. போட்டவன் அவனுக்கு மச்சான். சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

பந்தலில் ராஜமாணிக்கத்தின் மூன்று பிள்ளைகளும் மொட்டைத் தலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வரதராஜன் சார் காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முந்தின நாள்தான் திருப்பதி போய்விட்டு வந்திருக்கிறார். பளபளவென்று மொட்டை. மூத்த பிள்ளை தட்சிணாமூர்த்தி, "இப்டி பக்கத்துல வாங்க சார்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, பெஞ்சின் கடைசியில் தங்களோடேயே உட்கார வைத்துக்கொண்டார்.

கார் பக்கத்திலேயே போர்த்திவிடலாம் என்றுதான் இருந்தேன். கூட்டத்தில் முடியவில்லை. பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் வாட்சைப் பார்த்தார். கிளம்பிவிடுவார் போலிருந்தது. அவ்வளவுதான், பாய்ந்து போய் முன்னால் நின்று, துண்டை உதறி, அவர் தோளில் போர்த்திக் கும்பிட்டேன்.

அவரும் பாவம், ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று திருப்பிக் கும்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து, பிரம்மதேசத்திலிருந்து வந்த பெரிய மாமா ஒருத்தர் வரிசையாக உருமா கட்டிக்கொண்டு வந்தார். அவருக்குக் கண் பார்வை கம்மி. மொட்டையைப் பார்த்தார், புதுத் துண்டைப் பார்த்தார். வேறு என்ன வேண்டும்? பர்ச்சேஸ் மேனேஜர் தலையில் உருமா ஏறிவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்து வரதராஜன் சாரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "மூக்கு அப்டியே அவரேதான். இத்தினி நாளா எங்க சாமி இருந்த?"

"அம்மா, நான் கம்பெனிலேர்ந்து வர்றேன்" என்றார் அவர்.

"எங்கேர்ந்து வந்தா இன்னா, வந்துட்ட இல்ல."

தட்சிணாமூர்த்தி மெதுவாக எழுந்தார். அவர் அப்பா அடிக்கடி புதுச்சேரிக்குப் போய் வந்ததைப் பற்றி ஊரில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. அவர் முகத்தில் துக்கம் போய், உப்பளம் நாலாகப் பிரிகிற கவலை வந்துவிட்டது.

"ஏன் சார், அதனாலதான் வருஷா வருஷம் எங்க அப்பா உப்ப மட்டும் மொதல்ல எடுத்தீங்களா?"

"யோவ், நான் சிதம்பரத்துக்காரன்யா. எங்கப்பா உயிரோட இருக்காருய்யா."

"அப்ப துண்டு போட்டது யாரு?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'யார் கேட்டாலும் அவரை நெருக்கமானவர் என்று சொல்லுங்கள்' என்பதும் அந்த வகுப்புப் பாடம்தான்.

"சார் நமக்கு ரொம்ப வேண்டியவருண்ணே" என்றேன். "குடும்பப் பழக்கம்."

சொன்னதோடு நின்றேனா? கை தானாகப் பைக்குள் போய், ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து தட்சிணாமூர்த்தியிடம் நீட்டியது. அவர் அதை வாங்கிப் படித்தார். "பி.பி.ன்னா இன்னாடா?" என்றார்.

அடி விழுவதற்குள் அப்பா வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். அவரே ஒவ்வொருவராகப் போய் விளக்கி, கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, உருமாவைக் கழற்றி, காரை அனுப்பி வைக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த அம்மாள் மட்டும் கடைசி வரை நம்பவில்லை. கார் ஜன்னலுக்குள் கையை விட்டு, சாருக்கு வடை கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் உப்பளம் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"டேய், துண்டு போட்டவன் நீ. அப்டின்னா நீ அவருக்கு மச்சான். எனக்கு அவரு இன்னா முறை?"

நான் நடையை வேகமாக்கினேன்.

"மருமவன்டா. பொண்ணே பெக்காத எனக்கு, மொட்ட அடிச்ச மாப்ளைய கொண்டாந்து குடுத்துட்ட."

மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகத்தான் செய்தேன். (வெட்கமா? வேலை இல்லாதவனுக்கு அதெல்லாம் கிடையாது.) நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி, "உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றார். ஓரத்தில் இருந்த வரதராஜன் சார் தலையைத் தூக்காமல், "அத நான் சொல்றேன் சார்" என்றார். வேலை கிடைக்கவில்லை.

பிறகு நான் உப்புத் தரகுக்குத்தான் வந்தேன். எந்த உப்பளத்தில் போய் நின்றாலும் என்னை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. "துண்டு போட்டவன்தானே? வா, உக்காரு" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு லோடு விலையைப் பேசுவார்கள். வரதராஜன் சாருக்கும் ஒருநாள் போன் போட்டேன். பெயரைச் சொன்னதும், "உப்பு நல்லா இருந்தா அனுப்பு. நீ வராத" என்றார். அப்படியே பல வருஷம் அனுப்பினேன். அந்த டைக்காரர் சொன்னது பலித்துவிட்டது என்பதுதான் எனக்கு இன்னும் கோபம்.

வீட்டில் வரதராஜன் சாருக்கு இன்றைக்கும் மாப்பிள்ளை என்றுதான் பெயர். தீபாவளி வந்தால் அம்மா, "மாப்ளைக்கு வேட்டி எடுக்கலியா?" என்பாள். என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில், எனக்கு ஒரு அக்கா இருந்து எங்கோ ஓடிப்போய்விட்டாள் என்றே நினைத்திருக்கிறாள்.

போன வருஷம் அவரே போன் செய்தார். சிதம்பரத்தில் அவருடைய அப்பா தவறிவிட்டாராம், தொண்ணூறு தாண்டிய வயது.

"காரியத்துக்கு வா" என்றார். "வெறுங்கையோட வா."

போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று செருப்பைத் தேடினார்.

"நீ எங்கப்பா கிளம்புற?"

"சம்பந்தி செத்திருக்காருடா. போவலன்னா நல்லாவா இருக்கும்?"