சாந்தோமில் ஓர் உடைந்த ஊசி

தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருந்தே தீர வேண்டும் என்று ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி உத்தரவு போட்டுவிட்டதால், ஆம்பூர் ஃபேக்டரி ஒன்று தையல் பிரிவில் நாற்பது பேரை ஒருநாள் மகிழ்விப்பதென முடிவெடுத்தது. காலை ரயிலில் சென்னை, சாந்தோம் பேராலயம், மாலை ரயிலில் ஊர். மகிழ்ச்சிக்கு ஒதுக்கப்பட்ட நேரம் பதினொன்று முதல் மூன்று வரை.

ஹெலனுக்கு உத்தரவே தேவைப்படவில்லை. மகள் ஜாஸ்மின் நர்சிங் பாஸானால் சாந்தோம் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மாதாவிடம் வேண்டியிருந்தாள். பாஸாகி எட்டு மாதம் ஆகியும் லீவு கிடைக்காமல், வீட்டிலிருக்கும் மாதா படத்தை நேராகப் பார்க்கவே கூசினாள். முழ நீள மெழுகுவர்த்தி இப்போது பையில் இருந்தது.

பேராலய வாசலில் சூப்பர்வைசர் இன்பராஜ் எண்ணினார். முப்பத்தொன்பது.

"ஆதிகேசவன் அண்ணன் உள்ள போய்ட்டாரு சார். அதோ, ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்காரு பாருங்க," என்றாள் ஹெலன்.

"தெரியறது வேற, கிடைக்கிறது வேற. ஊசி உடைஞ்சா இன்னா ரூல்?"

எல்லோருக்கும் மனப்பாடம். தைக்கும்போது ஊசி உடைந்தால், கடைசித் துண்டு கைக்கு வரும்வரை லைன் நகரக்கூடாது. மனிதருக்கும் இதுவே பொருந்தும் என்று டூர் சுற்றறிக்கை தெளிவாகக் கூறியிருந்தது.

"நான் போய் கூட்டினு வர்றேன் சார்."

"நீ போனா முப்பத்தெட்டு."

"அப்ப நீங்க போங்க."

"எண்ணுறவன் எடத்த விட்டு நகரக்கூடாது."

"போனாவது போடுங்க சார், வெயில் ஜாஸ்தியா இருக்கு."

இன்பராஜ் போட்டார். மணி அவர் பைக்குள்ளேயே அடித்தது. பாதுகாப்பு கருதி எல்லோருடைய போனையும் காலையிலேயே வாங்கி வைத்திருந்தார்.

"கத்திக் கூப்பிடட்டுமா?"

"கோயில்ல கத்துவியா? நீயெல்லாம் ஒரு கிறிஸ்டியனா?"

மூன்று மணிக்கு ஆதிகேசவன் முகம் மலர வெளியே வந்தார். எல்லாம் பார்த்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருந்தார். "நாப்பது!" என்று இன்பராஜ் கண்கலங்கினார். "டைம் முடிஞ்சிடுச்சு, ஸ்டேஷனுக்கு நடங்க."

ரயிலில் படிவம் வந்தது. "பேராலயத்தின் உள்ளே சென்று பார்த்து மகிழ்ந்தோம்." முப்பத்தொன்பது கையெழுத்து. எண்ணும்போது இல்லாத ஆதிகேசவனுக்கு ஆப்சென்ட்.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஹெலன் பக்கம் வந்து, "உன் வேண்டுதல்தான் எனக்குத் தெரியுமே. உன் பேர்ல ஒண்ணு ஏத்திட்டேம்மா," என்றார்.

ஹெலனுக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே சந்தேகமும் வந்தது.

"சார், ஆப்சென்ட் ஆனவரு ஏத்துனா செல்லுமா?"

"வராத ஆளு எப்படி ஏத்துவாரு? செல்லாது."

"அப்ப நான்?"

"நீதான் உள்ள போய்ப் பார்த்து மகிழ்ந்துட்டியே. கையெழுத்து இருக்குதே."

அரக்கோணத்தில் யோசிக்கத் தொடங்கி காட்பாடியில் முடித்தாள். கையெழுத்து அவளுடையதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மெழுகுவர்த்தியை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தாள், கரண்ட் போனால் உதவும். பிறகு மாதா படத்தை நேராகப் பார்த்தாள். கூசவில்லை.

"ஏத்திட்டியாம்மா?" என்றாள் ஜாஸ்மின்.

"ஏத்தியாச்சு."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

"பார்த்து மகிழ்ந்தோம்," என்றாள் ஹெலன்.