கம்மாபுரத்தில் சிக்னல் தேடிய கால்

சந்தேகப்படுகிறவன் ஏமாற மாட்டான் என்பார்கள். ஏமாறுவான், மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பாடுபட்டு ஏமாறுவான்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஊர் ஊராகப் போய்க் கழிப்பறைக் கோப்பைகளுக்கு ஆர்டர் எடுக்கும் எங்கள் ஆட்களுக்கு, போனில் ஒரு வசதி செய்துகொடுப்பதென்று முடிவானது. வழி இரண்டு. போனில் ஏற்றிவைக்கும் ஆப், சிக்னல் இல்லாவிட்டாலும் ஆர்டரை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும். பிரவுசரில் திறக்கும் வெப் ஆப்புக்கு, எங்களுக்குக் காட்டிய வடிவில், எந்நேரமும் சிக்னல் வேண்டும்.

நான் வெப் ஆப்பைப் பிடித்துக்கொண்டேன். (பிறகு அனுப்பலாம் என்றால், டீக்கடையில் உட்கார்ந்தபடியே சேத்தியாத்தோப்பு வரை போய்வந்துவிடுவார்களே!) கம்மாபுரம் பக்கம் ஆர்டர் எடுக்கும் ஏழுமலை, "அங்க சிக்னலே கெடைக்காதுங்க சார்" என்றதும் என் சந்தேகம் உறுதியானது. பொய்யை நேரில் போய்ப் பிடிப்பதாக முதலாளியிடம் சொன்னேன்.

"ஆர்டர் என் ஸ்கிரீன்ல வரணும். வரலன்னா நீ மறுபடியும் வைக்கோல் சுத்தப் போயிடு" என்றார். (பேக்கிங்கில் பீங்கானுக்கு வைக்கோல் சுற்றி, மேலே வந்தவன் நான்.)

ஏழுமலையோடு போன கம்மாபுரம் கடையில், போன் திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழுமலை போனை ஏதோ செய்துவிட்டான் என்று அவனை முறைத்தேன்.

"வாசல் சன்ஷேடு ஒசரத்துல எப்பனாச்சும் சிக்னல் ஒரு கோடு வருங்க" என்றார் கடைக்கார அம்மா.

வாசலில் எங்கள் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒன்றின் விளிம்பில் ஏறிக் கையை உயர்த்தினேன். கோடு வந்தது. கால் வழுக்கி உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

ஏழுமலை சுத்தியலோடு வந்தான். "வொடைச்சிடட்டுங்களா சார்?"

"எதை?"

கடைக்கார அம்மா சோப்புத் தண்ணீர் ஊற்றினார். "ஸ்ட்ராங்கு ஸ்ட்ராங்குன்னு நீங்க சொன்னப்ப நான் நம்பலீங்க. இப்ப நம்புறேன். ஒரு லோடு எறக்குங்க."

அந்த ஆர்டரை அனுப்பத்தான் வழியில்லை. கால் விடுபடுவதற்குள் ஏழுமலை என்னைப் படம் பிடித்து கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

"அதான் சிக்னல் இல்லியே?" என்றேன், நிம்மதியாக.

"அது பாட்டுக்குக் கெடக்கும் சார். கெடைச்சதும் தானா போயிடும்."

போய்விட்டது. நான் வந்துசேர்ந்தபோது முதலாளி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆர்டர் வரல, ஸ்கிரீன்ல நீ மட்டும் எப்படிய்யா வந்த?" என்றார். போனில் ஏற்றும் ஆப்தான் என்று அங்கேயே முடிவானது. அந்த லோடைக் கட்டி முடிக்கும்வரை நான் வைக்கோலில் இருந்தேன்.

குழுவில் என் மச்சானும் இருந்தான். அதனால் இன்றும் நான் கழிப்பறையில் சற்றுத் தாமதித்தால், கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்கும்:

"என்னங்க, சிக்னல் கெடைச்சிதா?"