என்னத்துக்கு அக்காவும் மூன்று தாள்களும்

தென்காசியில் கேள்வி கேட்டே ஒரு கம்பெனியைக் காப்பாற்றியவர் ஒரே ஒருவர்தான். எங்கள் என்னத்துக்கு அக்கா.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில், ஆறே பேர் இருந்த மென்பொருள் கம்பெனி அது. வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று விசாரித்து எழுதி வருவது அக்காவின் வேலை. அதைச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. டீ வேண்டும் என்றால்கூட, "என்னத்துக்கு? தூக்கத்துக்கா, தொண்டைக்கா?" என்பார். பதிலைப் பொறுத்துத்தான் இஞ்சி.

ஒருமுறை குற்றாலத்துக்குக் கிளம்பும் முன்பே எங்களை மூன்றாகப் பிரித்துவிட்டார்: குளிக்க வருபவர், போட்டோவுக்கு வருபவர், பரோட்டாவுக்கு மட்டும் வருபவர். நாங்கள் சண்டையில்லாமல் திரும்பிய ஒரே பயணம் அதுதான்.

அந்த வருஷம் கையில் வேலையே இல்லை. பாவூர்சத்திரத்துக் காய்கறி மண்டி அண்ணாச்சி ஒருவர் ஆப் கேட்டு வந்தார். சரக்கு இறக்க வரும் டெம்போக்களில் யார் முந்தி வந்தது என்று தினமும் அடிதடி. அதற்குள் தக்காளி நசுங்கிவிடுகிறதாம். வந்த வரிசைப்படி ஆப்பே டோக்கன் போட வேண்டுமாம். "இதுவும் கை நழுவுனா எல்லாரும் சென்னைக்கு பஸ் ஏறிர வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

அண்ணாச்சி முப்பத்தொரு கோரிக்கைகளோடு உட்கார்ந்தார். அக்கா மூன்று தாள்களைச் சுவரில் ஒட்டினார். என்ன செய்யணும், எப்படிச் செய்யணும், இருந்தா நல்லது.

"ஆப்பு வேகமா இருக்கணும்மா."

"எம்புட்டு வேகம் அண்ணாச்சி? அமுக்குனதும் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுததுக்குள்ள டோக்கன் வந்தாப் போதுமா?"

"போதும்."

அது இரண்டாம் தாளுக்குப் போனது.

"திறந்ததும் எம் போட்டோ தெரியணும்."

"என்னத்துக்கு?"

அண்ணாச்சி மீசையைத் தடவினார். "சும்மாத்தான்."

மூன்றாம் தாள். அண்ணாச்சி முகம் சுருங்கியதைப் பார்த்து முதலாளிக்கு வியர்த்தது.

அதோடு விட்டாரா அக்கா? மூன்று நாள் விடியற்காலையில் மண்டி வாசலில் போய் நின்றார். துணைக்கு நானும். சீசன் சாரல் விடாமல் அடித்தது. டோக்கன் முறை வந்ததும் போனில் செய்தி வந்தால் சரியா என்று ஒரு டிரைவரிடம் கேட்டார்.

"சாரல்ல போனை எவன்க்கா வெளிய எடுப்பான்? பிளாஸ்டிக் பையில சுத்தி சீட்டுக்கு அடியில வச்சிருக்கோம். சத்தமாக் கூப்பிட்டாத்தான் தெரியும்."

அன்றே முதல் தாளில் ஒரு வரி ஏறியது: ஒலிபெருக்கி நம்பரைச் சொல்லணும்.

முதலாளி தலையில் கைவைத்தார். "ஆப் கேட்ட மனுசனுக்கு மைக் செட்டாம்மா குடுப்பாங்க?"

"அவிய கேட்டது ஆப்பு சார். அவியளுக்கு வேணுங்கது சண்டையில்லாத வரிசை."

தொடக்க நாளிலும் மழை. அக்காவின் குரலையே பதிவு செய்திருந்தோம். "பதினேழு, கிழக்கு வாசலுக்கு வாங்க" என்று மண்டி முழுக்க அதிர்ந்ததும் ஒரு டெம்போ உறுமிக்கொண்டு நகர்ந்தது. பிறகு பதினெட்டு, பத்தொன்பது. எட்டு மணிக்கெல்லாம் கடைசித் தக்காளிப் பெட்டியும் நசுங்காமல் இறங்கிவிட்டது. நாள் தவறாமல் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு டிரைவர்கள், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சேர்ந்து டீ குடித்தார்கள்.

அண்ணாச்சி குடைபிடித்து வந்தார். "எம்மா, எம் மச்சான் வாழைக்கா மண்டிக்கும் இதையே போட்டுத் தந்துரு. போட்டோவெல்லாம் வேண்டாம்."

முதலாளி மண்டி வாசலென்றும் பாராமல் கைதட்டினார். நாங்கள் விசிலடித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்த அக்கா, ஊர் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். நான் எழுந்துபோய், விசிலைக் கொஞ்சம் மெதுவாக ஊதும்படி கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டேன்.