வெயிலில் வளர்ந்த கீரையும் என் வீட்டுக்காரரும்

பெருமதிப்பிற்குரிய அண்ணனுக்குத் தங்கை எழுதுவது.

நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பதை மேலே படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். உங்கள் மாப்பிள்ளையை உடனே வந்து பத்து நாளாவது அழைத்துக்கொண்டு போங்கள்.

எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், அது சிறுநீரகத்தையும் தொட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நான்கூட அழவில்லை, இவர்தான் அழுதார். உப்பைக் குறையுங்கள், மீனும் கீரையும் பழமும் சேருங்கள், வெயில் பட்டால் இந்த நோய் கூடும், வெயிலில் போகாதீர்கள் என்றார் டாக்டர். முப்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவருக்கு எச்சரிக்கை என்று ஒன்று கிடைத்தால் போதாதா? சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் கலர் டேப் சுற்றிவிட்டார். சிவப்பு டேப்பில் கை வைத்தால், "ஏய், தொடாதே!" என்று ஷாக் அடித்தவனை இழுப்பதுபோல் இழுக்கிறார். உப்பு ஜாடி மீட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு சிட்டிகை கேட்டு வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ரத்த அழுத்தத்தைப் பற்றி அரை மணி நேரம் பாடம் நடத்தியதில், அவள் அடுப்பில் வைத்த குழம்பு கரிக்கட்டை ஆகிவிட்டது. உணவு ஆலோசகரிடம் போனால், "மேடம், வெயில்ல வளர்ந்த கீரை இவளுக்கு ஆகுமா?" என்று கேட்கிறார். அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், வெயில் ஆகாதது உங்க வீட்டம்மாவுக்கு, கீரைக்கு இல்ல" என்றாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்!

நான் விழுங்கும் மாத்திரையோ யானைப் பசியைக் கிளப்புகிறது. பொறுக்கமாட்டாமல் ஒரு பாக்கெட் உப்பு சிப்ஸ் வாங்கிப் பிரித்து, மடக்கிய குடைக்குள் ஒளித்துவைத்தேன். பஸ் நிறுத்தத்தில், "ஐயோ, வெயில் படுதே" என்று இவரே குடையை விரித்தார். அவ்வளவு சிப்ஸும் அவர் தலையில். ஊரே வேடிக்கை பார்க்கிறது, இவர் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாருக்குடி கீரை ஆய்வேன்?" என்று கேட்டுத் தேம்புகிறார், காதில் ஒரு சிப்ஸோடு. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இப்படிப்பட்டவரோடு ஒருத்தி எப்படிக் குடித்தனம் நடத்துவது?

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு நூறு வயது இருக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பரிசோதனை முடிவு வந்து, இருவரும் டாக்டரிடம் போய்வந்தோம். சிறுநீரில் போகும் புரதம் பாதியாகக் குறைந்திருக்கிறதாம். "மருந்தும் சாப்பாடும் சேர்ந்து வேலை செய்யுது. வீட்டுல யாரு இவ்வளவு கவனமாப் பாத்துக்கறாங்க?" என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் இவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். ஆகவே நீங்கள் தாராளமாக வாருங்கள், ஆனால் தனியாகத்தான் திரும்பிப் போவீர்கள்.