மத்தியானத்துக்கு மேல் பார்க்கக் கூடாத கருப்பு

காக்கையைப் பார்த்து, "பரவால்ல, ஆனா ப்ளூ கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த பூமியில் ஒருவர்தான் உண்டு. ஆம்பூருக்கு வெளியே எங்கள் தோல் கம்பெனியில், ஃபினிஷிங் பிரிவின் வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். நான் கதை கட்டவில்லை. கேன்டீன் மதில்மேல் வந்து உட்கார்ந்த ஒரு காக்கையைப் பற்றி என் காதுபடச் சொன்னதுதான் அது. காக்கைக்கே ரோஷம் வந்து பறந்துவிட்டது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தவிர அது வேறெங்கும் புழங்குவதில்லை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் 'ஜெட் பிளாக்'. ஆள் என்னவோ நல்ல கோதுமை நிறம். பெயர் தொழிலால் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற கருப்புத் தோல் எதுவானாலும் அவர் 'ஓகே' சொன்னால்தான் லாரி ஏறும். அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் நமக்கு நாக்கு தள்ளிவிடும். நான் ஷிப்பிங் செக்‌ஷன். கேட்டில் கன்டெய்னர் நிற்கும், டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான், சென்னையிலிருந்து ஏஜென்ட் போனில் கத்துவான். இவர் நிதானமாகத் தோலை விரலில் மடித்து, ஜன்னலுக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, "சிகப்பு தெரியுது" என்பார்.

"எனக்குத் தெரியலயே சார்!"

"உனக்குத் தெரிஞ்சா நீ ஏன்யா ஷிப்பிங்ல இருக்கப் போற?"

கோபம் வரும். ஆனால் என்ன செய்வது, அவர் 'ஓகே' சொல்லி அனுப்பிய கருப்பு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் அவரைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம், திட்டிக்கொண்டே.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. வெள்ளைச் சட்டை மட்டும்தான் போடுவார். கலர் சட்டை போட்டால் அதன் சாயல் சாம்பிளில் விழுமாம். நாம் பச்சைச் சட்டையோடு பக்கத்தில் போனால், "தள்ளி நில்லு, தோலு மேல நீ தெரியற" என்பார். வடக்கு வெளிச்சத்தில்தான் பார்ப்பார். அதுவும் காலையில் மட்டும். பன்னிரண்டு மணி சங்கு ஊதியதும் சாம்பிளைக் கவிழ்த்து வைத்துவிடுவார். "மத்தியானத்துக்கு மேல கருப்பு பொய் சொல்லும்" என்பது அவருடைய வேதவாக்கு.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் ஊர்த் தொழிலில் எல்லாருக்கும் உள்ளதுதான். தேர்வான தோல் சாம்பிளை இரண்டாக வெட்டுவோம். ஒரு பாதி, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்குப் போகும். மறுபாதி நம்மிடம் இருக்கும். பின்னால் கம்ப்ளெயிண்ட் வந்தால் இரண்டு பாதியையும் ஒட்ட வைத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது. ஜெட் பிளாக் அந்தப் பாதிகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குக்கூடப் போவார்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரு அம்பாசடர் கார் இருந்தது. முதலாளி வீட்டில் அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட பழைய வண்டி. பாதாம் பால் நிறம். உள்ளே சீட்டெல்லாம் அவரே பார்த்துப் பார்த்துப் போட்ட தோல். வெளியேதான் வினை. பம்பர், முன்பக்கக் கிரில், ஜன்னலைச் சுற்றி ஓடும் பட்டை என்று பளபளவென்று இருந்த குரோம் எல்லாம் துருப்பிடித்துப் பொரிந்துபோயிருந்தது.

அந்த நேரத்தில் மகள் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானது. எஸ்தர் வேலூரில் தங்கி வேலை பார்க்கிற நர்ஸ். மாப்பிள்ளையும் நர்ஸ், அயர்லாந்தில். கல்யாணமான கையோடு இவளும் கிளம்ப வேண்டும். நகை, புடவை எதற்கும் வாய் திறக்காத பெண் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "சர்ச்சுக்கு நம்ம வண்டிலதாம்ப்பா போவேன். நீங்கதான் ஓட்டணும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தத் துருவுக்கெல்லாம் பேசாம பிளாக் அடிச்சிடுங்க. இப்ப எல்லா வண்டியும் அப்படித்தான வருது" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். பாவம், நல்லெண்ணத்தில் சொன்னாள். அவளுடைய அம்மா கிரேஸ் அக்கா அந்தக் கணமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாதனூரில் பெயிண்டர் தயாளனின் ஷெட்டுக்கு வண்டி போனது. கூட நானும் போனேன். "உன் சட்டைக்குக் கலரே கெடையாது, நீ வா" என்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். தயாளன் பட்டை, கிரில் எல்லாவற்றையும் கழற்றினான். பல் செட்டைக் கழற்றிய தாத்தா மாதிரி வண்டி நின்றது. அப்புறம் வெள்ளந்தியாகக் கேட்டான்: "கருப்புதான சார்?"

ஜெட் பிளாக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தக் கருப்பு?"

"கருப்புன்னா... கருப்பு சார்."

"யப்பா, பொண்ணு வேணும்னு கேட்டா எந்தப் பொண்ணுன்னு கேப்பியா மாட்டியா?"

அன்று தொடங்கியது. மினுக்குக் கருப்பு அடித்துக் காட்டினான் தயாளன். "ஈரமா இருக்கற மாதிரியே இருக்கு, வழுக்கி விழுந்துடுவேன் போல." மினுக்கே இல்லாத கருப்பு. "தோசைக்கல்லு." இரண்டுக்கும் நடுவில் ஒன்று. "இது எதையோ மறைக்குது, மனசுல வஞ்சம் இருக்கு." ராணிப்பேட்டையில் இரும்பு கேட்டுக்குப் பவுடர் பூசிச் சுடுகிற கடையில் போய்ப் பார்த்தோம். "நம்ம பொண்ணு சர்ச்சுக்குப் போறாளா, ஜெயிலுக்குப் போறாளா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

தயாளன் பொறுக்க முடியாமல், "சார், இப்ப கருப்பு ஸ்டிக்கர் வந்திருக்குது. அப்படியே இழுத்து ஒட்டிடலாம்" என்றான்.

"பிளாஸ்டிக்கா?"

"ஆமா சார்."

"அதாவது ரெக்சின்."

எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய குடும்பத்தைப் பற்றிக்கூட என்ன வேண்டுமானாலும் பேசிவிடலாம். தோல்காரன் முகத்துக்கு நேரே ரெக்சின் என்கிற போலித் தோலைச் சொல்லக் கூடாது. அன்று முழுக்க அவர் தயாளனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி, நான் அவனிடம் சொன்னேன்.

வீட்டுக் கொல்லையில் துணி காய்கிற கம்பியில் இப்போது துணிக்கு இடமில்லை. விதவிதமான கருப்பு அடித்த தகரத் துண்டுகள் காற்றில் டிங் டிங் என்று ஆடிக்கொண்டிருந்தன. காலையில் அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது கிரேஸ் அக்கா சிவப்புப் புடவையோடு அந்தப் பக்கம் வந்தால் விரட்டுவார். "கட்டின பொண்டாட்டிய கொல்லைக்கு வராதன்ற மனுசன எங்கனா பாத்துக்கிறியா தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்பார். நான் பார்த்ததில்லைதான்.

கல்யாணம் மாலை நான்கு மணிக்கு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மத்தியானத்துக்கு மேல்! நேரே பாஸ்டரிடம் போய், காலையில் மாற்ற முடியுமா என்று கேட்டார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஐயா, கல்யாணம் எஸ்தருக்கா, காருக்கா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஜன்னல் பட்டைகளை எங்கள் கம்பெனிக்கே எடுத்து வந்தார். தோலுக்கு அடிக்கிற ஃபினிஷ் சாயத்தையே தன் கையால் கலந்து, தன் கையால் அடித்தார். அம்மாடி! நான் இத்தனை வருஷம் கருப்பைப் பார்த்ததே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தார், துணியில் கறை இல்லை. லேசாக வளைத்தார், வெடிப்பு இல்லை. தோலுக்கு உண்டான எல்லாப் பரீட்சையிலும் இரும்பு பாஸ்.

மறுநாள் வீட்டில் கிரேஸ் அக்கா அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்தில் நகம் பட்டது. வாழைப்பழத் தோல்போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே உரியாக வந்துவிட்டது. தோல் உறிஞ்சிக்கொள்ளும், வழவழ இரும்பு எதை உறிஞ்சும்? தோல்காரர்கள் நாங்கள் இருவரும் அதை யோசிக்கவே இல்லை.

"என்னங்க, இது உரியுதே!"

ஜெட் பிளாக் அந்த நீளக் கருப்பு உரியைக் கையில் வாங்கினார். வடக்குப் பக்கம் திரும்பித் தூக்கிப் பிடித்தார். "ஷேடு கரெக்ட்டு" என்றார்.

அக்கா அதற்கு மேல் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. யாருக்கும் சொல்லாமல் வேலூரில் ஒரு வெள்ளை வாடகைக் காரைப் பேசி முடித்துவிட்டார். விஷயம் எஸ்தர் காதுக்கு எட்டியது. டியூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறி வந்து இறங்கினாள். நானும் தயாளனும் அப்போது கொல்லையில்தான் இருந்தோம்.

"ஏம்ப்பா, நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் இல்லியா?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவர் கம்பியில் ஆடிய தகரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓகே சொல்லிட்டா அடுத்தது டிஸ்பாட்ச்தானம்மா" என்றார். "இந்தத் தம்பிய கேளு. நான் சொல்லாத வரைக்கும் எதுவும் கேட்டைத் தாண்டாது."

எத்தனை கன்டெய்னருக்காக இந்த மனிதரோடு சண்டை போட்டிருக்கிறேன்! அப்போதெல்லாம் அவர் நிறத்தைத்தான் பார்த்தார். இந்த முறை மட்டும் நிறத்தைச் சாக்கு வைத்து, மகள் போகிற வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

எஸ்தர் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி யாருக்கு ரெடி பண்றீங்க?"

"உனக்குத்தான்."

"அப்ப பையர் யாரு? நான்தான? ஒரு நாளாச்சும் என்கிட்ட சாம்பிள் காட்டினீங்களா?"

ஜெட் பிளாக் திகைத்துப்போனார். பையரிடம் காட்டாமல் இத்தனை சாம்பிள்! தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம்.

அவள் கம்பியின் பக்கம் போனாள். "இரும்மா, மணி நாலாவுது, இப்ப பாக்கக் கூடாது" என்று பதறினார். அவள் கேட்கவில்லை. தயாளன் முதல் வாரமே அடித்து, இவர் ஒதுக்கித் தள்ளிய ஒரு தகட்டைப் பட்டென்று பிடுங்கினாள்.

"இது."

"அதுல சிகப்பு தெரியுதும்மா. மினுக்கும் கம்மி."

"தெரியட்டும். தெனமும் நீங்க வேலை முடிஞ்சு வந்து வாசல்ல கழட்டி வைப்பீங்களே, அந்த ஷூ இப்படித்தான் இருக்கும். அத பாத்தாத்தான் எனக்கு அப்பா வந்துட்டாருன்னு தெரியும்."

கிரேஸ் அக்கா, சிவப்புப் புடவையோடு, கொல்லைக்கு நடுவிலேயே வந்து நின்றார். யாரும் விரட்டவில்லை.

"வெட்டுங்க தயாளண்ணா" என்று தகட்டை நீட்டினாள் எஸ்தர். அவன் ஆக்சா பிளேடால் அதை இரண்டாக அறுத்தான். ஜெட் பிளாக் இரண்டு பாதியின் பின்னாலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றை மகளிடம் கொடுத்தார்.

"கம்ப்ளெயிண்ட் இருந்தா?" என்று கேட்டார்.

"நானே எடுத்துக்கிட்டு வர்றேன்ப்பா. ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கலாம்."

தயாளன் ராப்பகலாக வேலை செய்து முடித்தான். கல்யாணத்தன்று சாயங்கால வெயிலில் ஜெட் பிளாக் ஓட்டி வந்த அந்தப் பாதாம் பால் அம்பாசடர் சர்ச் வாசலில் வந்து நின்றபோது ஊரே திரும்பிப் பார்த்தது. அந்தப் பழைய ஷூக் கருப்பு வண்டிக்கு அப்படிப் பொருந்தியிருந்தது! அவர் மட்டும் இறங்கிய பிறகு ஒரு தடவைகூட வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி உள்ளே போனார்.

எஸ்தர் அயர்லாந்து போய்விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே விடிந்து வெளிச்சம் வரும்போது இங்கே மத்தியானம் தாண்டிவிடுகிறது. அதனாலென்ன? போனில் மகள் முகம் வந்ததும், "ஜன்னல் கிட்ட போம்மா, வடக்கு ஜன்னல்" என்றார். அவள் தன் பாதித் தகட்டைத் தூக்கிக் காட்டினாள். இவர் சட்டைப் பையிலிருந்து தன் பாதியை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். அந்த வெள்ளைப் பையில் கருப்பாக ஒரு கறை ஏறியிருந்தது. இருவரும் வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

போனை வைத்ததும், "மேட்ச் ஆவுதா சார்?" என்று கேட்டேன்.

"இன்னாவோ டிஃபரன்ஸ் இருக்குயா" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நேர்ல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

அனுப்பியது எதுவும் திரும்பி வரக்கூடாது என்றுதான் ஷிப்பிங்காரன் நான் தினமும் சாமி கும்பிடுவேன். இப்போதெல்லாம், அந்தப் பாதித் தகடு மட்டும் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.